பதினான்கு விதிகளும் ஒரே எண்ணும்: ஓர் எடைக் குறைப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அவருக்கு 41 வயது. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். வீட்டில் கணவரும் பள்ளிக்குப் போகும் மகனும். உயரம் 160 சென்டிமீட்டர்; எடைக் குறைப்பு ஆலோசகரான என்னிடம் வந்த அன்று எடை 82.4 கிலோ. பிஎம்ஐ எனப்படும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 32-ஐச் சற்றே தாண்டியிருந்தது.

அவரை அனுப்பி வைத்தவர் அவருடைய மருத்துவர். எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.0 சதவீதம் என்று அறிக்கையில் இருந்தது. 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு என்பார்கள், 5.7-ஐத் தொட்டாலே எச்சரிக்கைக் கட்டம் தொடங்கிவிடும். தைராய்டு பரிசோதனை சரியாக இருந்தது. மாத்திரை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. இதை நான் முதலிலேயே உறுதிசெய்துகொண்டதற்குக் காரணம் உண்டு. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் மருந்தின் அளவையும் மருத்துவர் மாற்றியாக வேண்டும். அந்தச் சிக்கல் இவருக்கு இல்லை.

எடை குறைக்க அவர் ஆறு வருடமாக முயன்றுகொண்டிருந்தார். முதல் சந்திப்பில் கைபேசியைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினார். அங்கே இங்கே கேட்டும் படித்தும் சேர்த்த விதிகள், மொத்தம் பதினான்கு. மாலை ஆறரைக்கு மேல் எதுவும் தொடக் கூடாது. மாவுச்சத்தை அறவே ஒதுக்க வேண்டும். பழத்தைச் சாப்பாட்டோடு சேர்க்கக் கூடாது. ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்ல வேண்டும். ஐந்தாவது விதி, நாளைக்கு ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னது. பதினோராவது விதி, பதினாறு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னது. இரண்டையும் எப்படிச் சேர்த்துக் கடைப்பிடித்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு நாள் எல்லா விதியையும் பிடித்து நடப்பார். ஏதாவது ஒன்றை மீறுவார். ஒன்று போனால் எல்லாமே போன மாதிரி ஆகிவிடும். "சரி, திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்" என்று அந்த வாரத்தையே விட்டுவிடுவார். ஆறு வருடத்தில் அப்படி எத்தனை திங்கட்கிழமை வந்தது என்று அவரிடம் கணக்கில்லை. அவர் எழுதி வைக்காத கணக்கு அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன். தப்பாக நினைத்துவிட்டேன் என்பது பின்னால் தெரிந்தது.

முதல் இரண்டு வாரம்: எதையும் மாற்றவில்லை

எதையும் குறைக்கச் சொல்லாமல் இரண்டு வாரம் வழக்கம்போலச் சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டதை ஒரு கலோரிச் செயலியில் பதிவு செய்ய வேண்டும்; வேறு ஒரு வேலையும் கிடையாது. உணவு உறைகளில் கலோரி என்று நாம் சொல்வது உண்மையில் கிலோ கலோரி. இந்தப் பதிவிலும் அப்படியே எழுதுகிறேன்.

அவருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. வந்த வேகத்துக்கு ஏதாவது தீவிரமாகச் செய்வோம் என்று எதிர்பார்த்திருந்தார். ஆனால் ஒருவருடைய உடம்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கு எந்தச் சூத்திரமும் தோராயமான விடைதான் தரும். 1990-ல் வெளியான மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் நான் பயன்படுத்துகிறேன். எடையை 10-ஆல் பெருக்கு, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு, வயதின் ஐந்து மடங்கைக் கழி, பெண் என்றால் இன்னும் 161 கழி. இவருக்கு 1,458 வந்தது. சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிப்பது அவ்வளவு. நடமாட்டத்துக்காக அதை 1.2-ஆல் பெருக்குவதா 1.375-ஆல் பெருக்குவதா என்பதில்தான் தகராறு. முதலாவது 1,750 தருகிறது, இரண்டாவது 2,005. இடையில் 250 கலோரி ஆடுகிறது. நான் அவருக்குக் கொடுக்க நினைத்த பற்றாக்குறையே, அதாவது தேவையைவிடக் குறைத்துச் சாப்பிட வேண்டிய அளவே, 400 சொச்சம்தான். அதில் பாதிக்கு மேல் சூத்திரத்தின் ஆட்டத்திலேயே போய்விடும் என்றால் எதை நம்பித் திட்டம் போடுவது? எடை ஏறாமல் இறங்காமல் இருக்கும்போது ஒருவர் எவ்வளவு சாப்பிடுகிறாரோ அதுதான் அவருடைய உண்மையான தேவை. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த இரண்டு வாரம்.

பதினான்கு நாள் முடிவில் எடை 82.3. மாற்றமில்லை. செயலியில் பதிவான சராசரி நாளொன்றுக்கு 1,480.

"பாத்தீங்களா? நான் சாப்பிடறதே இவ்வளவுதான். என் உடம்பு வாகு அப்படி" என்றார். குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. ஆறு வருடத் தோல்விக்கு ஒரு காரணம் கிடைத்த நிம்மதி.

விடுபட்ட வவுச்சர்

இந்த இடத்தில் ஆலோசகர்கள் இரண்டு விதமாகத் தவறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு, 1,480-லிருந்து இன்னும் 400 குறைத்து, ஒரு மாதம்கூடத் தாங்காத திட்டத்தைக் கொடுப்பது. இன்னொன்று, மறைக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வது. அவர் மறைக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாதது. 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் இளைக்கவே முடியவில்லை என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் உடல் உண்மையில் செலவழிக்கும் ஆற்றலை அளந்து பார்த்தார்கள். உடலின் செலவு இயல்பாகவே இருந்தது. சாப்பிட்டதைத்தான் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. கண்ணளவும் ஞாபகமும் அவ்வளவுதான்.

இந்த ஆய்வை அவரிடம் சொல்லவில்லை. அவருடைய தொழிலிலிருந்தே ஒரு கேள்வி கேட்டேன். மாதக் கடைசியில் கணக்கு டேலி ஆகவில்லை, நானூறு இடிக்கிறது என்றால் என்ன செய்வீர்கள்? "எங்கயோ ஒரு வவுச்சர் விட்டுப்போயிருக்கும். தேடணும்" என்றார் உடனே. கூட்டல் கழித்தல் விதியே இந்த மாதம் வேலை செய்யவில்லை என்று மேலதிகாரியிடம் சொல்வீர்களா என்றேன். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு டிஜிட்டல் சமையல் தராசு வாங்கினார். நான்கு நாள் மட்டும், வாயில் போகும் எல்லாவற்றையும் எடை போட்டு எழுதுவது என்று முடிவு செய்தோம். எண்ணெய்க்கு ஒரு சின்ன உத்தி: சமைக்கும் முன்னும் பின்னும் புட்டியையே தராசில் வைத்துவிடுவது. கரண்டியை நம்ப வேண்டியதில்லை.

இரண்டு வவுச்சர் கிடைத்தன. முதலாவது தேநீர். நாளைக்கு நான்கு கோப்பை குடிப்பார். செயலியில் "தேநீர்" என்று தேடி முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்திருந்தார். அது கோப்பைக்கு 30 என்று காட்டியது. அவர் கோப்பையில் இருந்ததோ 100 மில்லி கொழுப்பு நீக்காத பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும். பால் 65, சர்க்கரை 10 கிராம் என்றால் 40. ஆக 105. நான்கு கோப்பைக்கு 120 என்று எழுதிய இடத்தில் உண்மை 420.

இரண்டாவது எண்ணெய். அதை அவர் எழுதவே இல்லை. எண்ணெய் ஓர் உணவு என்று அவருக்குத் தோன்றவில்லை. சமைக்கிற கருவி மாதிரி அது, சட்டியைப் போல. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. வீட்டுப் பங்கைப் பிரித்ததில் அவர் பங்குக்கு நாளொன்றுக்கு 14 கிராம், அதாவது 125 கலோரி சொச்சம் வந்தது.

தேநீரில் 300, எண்ணெயில் 125. 1,480-ஓடு கூட்டினால் 1,905. சூத்திரம் சொன்ன 1,750-க்கும் 2,005-க்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. உடம்பு வாகில் கோளாறு எதுவும் இல்லை. அவருக்கு அன்று கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கணக்கு எழுதுபவருக்கு டேலி ஆவதில் ஒரு சந்தோஷம் உண்டு, அதுவும் முகத்தில் தெரிந்தது.

முடிவு: விதிகளை எல்லாம் எடுத்துவிடுவது

பதினான்கு விதிகளையும் நீக்கிவிட்டு ஒரே ஓர் எண்ணை வைத்தோம்: நாளைக்கு 1,500.

ஏன் 1,500? தேவை 1,900 சொச்சம், பற்றாக்குறை 400 சொச்சம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது என்பது வழக்கமான மதிப்பீடு. வாரத்துக்கு 2,800 முதல் 3,000 வரை குறைத்தால் 350 - 400 கிராம் இறங்க வேண்டும். அவர் 1,200 கேட்டார். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் அதற்குக் கீழே போகக் கூடாது என்று பொதுவாகச் சொல்லப்படும் எல்லை அது. எல்லையின் மேலேயே நின்று தொடங்கினால் பின்னால் நகர இடம் இருக்காது. அதோடு, அவருடைய சரித்திரத்தைப் பார்த்தால் தீவிரம்தான் அவரை ஒவ்வொரு முறையும் கவிழ்த்திருக்கிறது.

மாவுச்சத்தைக் குறைக்காமல் எப்படி இளைக்கும் என்பது அவருடைய பெரிய சந்தேகம். 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று வெளியானது. 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவு கொழுப்பையும் இன்னொரு பிரிவு மாவுச்சத்தையும் குறைத்து ஒரு வருடம் சாப்பிட்டார்கள். இரு பிரிவுகளின் சராசரி எடைக் குறைவிலும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரே பிரிவுக்குள் சிலர் நிறைய இளைத்தார்கள், சிலர் கூடிக்கூடப் போனார்கள். எதைக் குறைத்தார்கள் என்பதைவிடத் தொடர்ந்து கடைப்பிடிக்க முடிந்ததா என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. இதை அவரிடம் சொன்னேன். முழுக்க நம்பவில்லை, சரி, பார்க்கலாம் என்றார்.

"ராத்திரி எட்டு மணிக்கு மேல பசிச்சா?"

"சாப்பிடுங்க. எழுதிட்டுச் சாப்பிடுங்க."

வாரம் 1 முதல் 6 வரை

முதல் வாரமே 1.1 கிலோ இறங்கியது. சந்தோஷப்பட்டார், நான் அதைக் கொஞ்சம் தணிக்க வேண்டியிருந்தது. சாப்பாடு குறைந்ததும் உடம்பு கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்தைச் செலவழிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது வெளியேறுவதுதான் முதல் வார அதிசயத்தில் பெரும்பங்கு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் வாரம் 300 கிராம் இறங்கும்போது "நின்றுபோச்சு" என்று தோன்றும்.

ஆறாம் வாரக் கடைசியில் 79.5.

இந்த வாரங்களில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தொடக்கத்தில் அவர் 1,500-ல் கணிசமான பங்கை பிஸ்கட்டிலும் இனிப்பிலும் செலவழித்தார், அனுமதி இருக்கிறதே. எண் மீறவில்லை. ஆனால் மாலை நான்கு மணிக்கே பட்ஜெட் தீர்ந்து, இரவு பசியோடு படுத்தார். நான் குறுக்கே போகவில்லை. பதிவின் ஓரத்தில் ஒவ்வொரு நாளும் பசி அதிகமா குறைவா என்று மட்டும் எழுதச் சொன்னேன். மூன்றாம் வாரம் அவரே வந்து, முட்டையோ பயறோ காய்கறியோ நிறையச் சாப்பிட்ட நாளில் பசி குறைவு என்று சொன்னார். ஆலோசகர் சொன்னால் அது பதினைந்தாவது விதியாகியிருக்கும். சொந்தப் பேரேட்டில் கண்டுபிடித்ததால் அது அவருடைய சொத்தாகிவிட்டது.

சமைத்த தானியத்தின் எடையைச் சமைக்காத தானியத்தின் கணக்கில் போட்ட தவறு ஒரு முறை நடந்தது. வெந்த தானியம் தண்ணீர் குடித்து இரண்டு மூன்று மடங்கு எடை கூடும் என்பதால் அன்று இல்லாத கலோரியை எல்லாம் எழுதிவிட்டு, இரவு கிட்டத்தட்டப் பட்டினி கிடந்தார். பிறகு அந்தத் தவறு வரவில்லை.

வாரம் 7 முதல் 9 வரை: தராசு அசையவில்லை

79.4, 79.6, 79.4. மூன்று திங்கட்கிழமை இப்படி. "உடம்பு பழகிடுச்சு, 1,200-க்குப் போயிடலாம்" என்றார்.

நான் மறுத்தேன். எண்ணைக் குறைப்பதற்கு முன் பதிவைப் பார்ப்போம் என்றேன். அப்படிப் பார்த்ததில் இரண்டு பிழை வெளிவந்தது. ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது.

அவருடையது வார இறுதி. திங்கள் முதல் வெள்ளி வரை பதிவுகள் கிராம் சுத்தமாக இருந்தன. சனி, ஞாயிறு மட்டும் ஒவ்வொரு வாரமும் வழவழவென்று 1,500, 1,500. வெளியே சாப்பிட்டதையும் உறவினர் வீட்டில் சாப்பிட்டதையும் "தோராயமா போட்டேன்" என்றார். அடுத்த வார இறுதியை மட்டும் முடிந்தவரை அளந்து எழுதச் சொன்னேன். சனிக்கிழமை 2,700, ஞாயிறு 2,850.

கணக்கை அவரையே போடச் சொன்னேன். தேவை 1,900 என்று வைத்தால், ஐந்து நாளில் மிச்சம் பிடித்தது 2,000. இரண்டு நாளில் கூடுதலாகப் போனது 800-ம் 950-ம், மொத்தம் 1,750. வாரத்துக்கு நிகர மிச்சம் 250. அது 30 கிராம் கொழுப்பு. எந்தக் குளியலறைத் தராசும் அதைக் காட்டாது. ஐந்து நாள் வாயைக் கட்டிய வேலை முழுவதும் இரண்டு நாளில் கரைந்திருந்தது.

என்னுடைய பிழை, திங்கட்கிழமைக் காலையில் எடை பார்க்கச் சொன்னது. உப்பும் மாவுச்சத்தும் அதிகம் போன வார இறுதிக்கு மறுநாள் உடம்பில் தண்ணீர் அதிகம் நிற்கும். வாரம் முழுவதிலும் எடைக்கு மோசமான நாளை நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தேன். அதோடு, பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியில் தண்ணீர் நிற்பதால் மட்டுமே ஒன்றிரண்டு கிலோகூட ஏறி இறங்கலாம். வாரம் ஒரே ஒரு அளவு எடுத்தால் அது எந்த நாளில் விழுகிறது என்பதே ஒரு குலுக்கல்.

இரண்டு மாற்றம் செய்தோம். தினமும் காலையில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் கவனிப்பது. நாள் பட்ஜெட்டை வார பட்ஜெட்டாக்குவது: 10,500. வேலை நாட்களில் 1,400, வார இறுதியில் நாளைக்கு 1,750. கூட்டினால் அதே 10,500-தான். ஆனால் சனிக்கிழமை இனிமேல் தப்பு செய்கிற நாள் இல்லை, திட்டத்துக்குள் இருக்கிற நாள்.

எண்ணைத் தொடாமல் தராசு மறுபடி நகர ஆரம்பித்தது. 22-ஆம் வாரம் சராசரி 75.0.

வாரம் 23: நான் கவனிக்கத் தவறியது

இந்தப் பகுதியை எழுதத்தான் இந்த ஆய்வையே எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

18-ஆம் வாரத்திலிருந்தே பதிவுகளில் 1,150, 1,100 என்று நாட்கள் வரத் தொடங்கியிருந்தன. "இன்னிக்கு 300 மிச்சம்" என்று செய்தி அனுப்புவார். நான் கட்டைவிரல் அடையாளம் போட்டுப் பதில் அனுப்பினேன், ஒன்றுக்கு நான்கு முறை. கணக்குப் பிரிவுக்காரருக்கு மிச்சம் என்றால் லாபம். அதற்கு நானும் கைதட்டியிருக்கிறேன்.

23-ஆம் வாரச் சந்திப்பில் அவர் சொன்னது: தோழியின் வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை, அங்கே எடை போட முடியாது என்பதால். வெள்ளரிக்காயைக்கூட எடை போடுகிறார். மகன் தட்டில் மீந்த ஒரு வாயைச் சாப்பிட்டுவிட்டு அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ராத்திரி தூக்கம் வரவில்லை. சொல்லும்போது எரிச்சலாகவும் சோர்வாகவும் இருந்தார்.

பதினான்கு விதிகளின் இடத்தை ஒரே எண் பிடித்துக்கொண்டிருந்தது. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

அன்று எடுத்த முடிவுகள் இவை. இரண்டு வாரம் எடைக் குறைப்பை நிறுத்திவைத்து, அப்போதைய எடைக்குத் தேவையான 1,800 வரை சாப்பிடுவது. இலை, காய்கறி எதையும் எடை போடாமல் இருப்பது. ஒரு வெள்ளரிக்காயில் நூறு கிராமுக்குப் பதினைந்து கலோரிதான், அதில் தவறினால் எதுவும் ஆகாது. மற்றதை 50-க்கு முழுமையாக்கி எழுதுவது: 130-ஐ 150 என்று. 1,300-க்குக் கீழே போன நாளையும், பட்ஜெட்டைத் தாண்டிய நாளைப் போலவே, இலக்கு தவறிய நாளாகக் குறிப்பது. இரண்டு வாரத்தில் ஒரு முறையாவது பிறர் சமைத்ததை அளக்காமல் சாப்பிட்டுவிட்டு ஒரு தோராய எண்ணை எழுதுவது.

கடைசியில் சொன்னதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. துல்லியமாக இல்லாத எண்ணை எழுதக் கை வரவில்லை என்றார். உணவு உறைகளில் அச்சிட்ட எண்ணே துல்லியம் இல்லை, அமெரிக்க விதிகளில் 20 சதவீதம் வரை கூடுதலாக இருந்தால்கூட ஏற்றுக்கொள்கிறார்கள் என்றேன். "அப்போ நான் இத்தனை நாளா ஒரு கிராம் ஒரு கிராமா எழுதினது?" என்று கேட்டார். பழக்கம் வருவதற்கு அது தேவையாக இருந்தது, இனிமேல் தேவையில்லை என்றேன். பாதி உண்மை. முன்பே நான் தளர்த்தியிருக்கலாம் என்பது மீதி.

சாப்பாட்டைப் பற்றிய பயமும் கட்டுப்பாடும் மனநோயாகவே மாறிவிடும் உணவுச் சீர்குலைவு நோய் அவருக்கு இருக்கிறதா என்ற சந்தேகத்தில் ஒரு மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொன்னேன். இரண்டு அமர்வுகள் போனார். அந்த நோய் இல்லை, ஆனால் கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வாரம் 25 முதல் 38 வரை

மறுபடி தொடங்கியபோது வேகம் குறைந்திருந்தது. 75 கிலோ உடம்புக்குச் சூத்திரப்படி அடிப்படைச் செலவு 1,384. நடமாட்டத்தோடு சேர்த்தால் 1,800. அதே 1,500 சாப்பிட்டால் இப்போது பற்றாக்குறை 300-தான். எண்ணை இன்னும் இறக்குவதற்குப் பதிலாகத் தினமும் 3 கிலோமீட்டர் நடக்கச் சொன்னேன். கைக்கடிகாரம் அதற்கு 260 கலோரி என்று காட்டியது. உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருப்பதைக் கழித்தால் அவருக்கு 110, 120 தான் தேறும். நடந்ததற்காகச் சாப்பாட்டில் எதையும் கூட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன்.

38-ஆம் வாரம் சராசரி 71.8. தொடக்கத்திலிருந்து 10.6 கிலோ, அதாவது 13 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. எச்பிஏ1சி 5.5. அவர் மனதில் வைத்திருந்த இலக்கு 65. அங்கே போக வேண்டாம், இங்கேயே நிறுத்துவோம் என்று நானும் மருத்துவரும் சொன்னோம். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் பலன் தெரியும். அது கிடைத்துவிட்டது. 65-க்குப் பின்னால் கல்யாணப் புகைப்படம் ஒன்று இருந்ததே தவிர வேறு காரணம் இல்லை. ஒப்புக்கொண்டார், அரை மனதோடு.

ஒரு வருடம் கழித்து

73.2 கிலோ. இப்போது தினமும் பதிவு செய்வதில்லை. வாரச் சராசரி 73.5-ஐத் தாண்டினால் மட்டும் ஒரு வாரம் செயலியைத் திறந்து எழுதுகிறார். அந்த ஒரு வருடத்தில் மூன்று முறை அப்படி எழுத நேர்ந்தது. மூன்று முறையும் காரணம் தேநீர்தான் என்றார்; இரண்டு கரண்டி மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிடுகிறதாம். கைபேசியில் அந்தப் பதினான்கு விதிப் பட்டியல் இன்னும் இருக்கிறது. அழிக்கவில்லை.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவேன்

தொடக்கத்தில் எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் எழுத வைத்ததை அப்படியே வைத்துக்கொள்வேன். பொறுமை சோதிக்கும் வேலைதான், ஆனால் அது இல்லாமல் 1,500 என்ற எண்ணுக்கு அடித்தளமே கிடையாது. எண்ணெய்ப் புட்டியை எடை போடுவதையும் தேநீரைப் பிரித்து எழுதுவதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

எடையைத் தினமும் பார்த்துச் சராசரி எடுப்பதும், வார பட்ஜெட்டும் முதல் வாரத்திலிருந்தே இருக்கும். மூன்று வாரம் அவரை வீணாகத் தவிக்க விட்டது என் சோம்பல். தராசைப் பார்த்தால் மனம் கலங்குகிறவர்களுக்கு மட்டும் தினசரி எடை வேண்டாம். அவர்களுக்கு இடுப்பளவு போதும். சொல்லப்போனால் இவருக்கே இடுப்பளவு எடுத்திருக்க வேண்டும். 7 முதல் 9 வரையிலான வாரங்களில் காட்டுவதற்கு என்னிடம் வேறு அளவே இல்லாமல் போனது.

தசை தேயாமல் இருக்க எடை தூக்கும் பயிற்சியையும் சேர்த்திருக்க வேண்டும். ஒரே எண், ஒரே வேலை என்ற பிடிவாதத்தில் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து கடைசிவரை சொல்லவே இல்லை. புரதம் அவராகவே கண்டுபிடித்த அளவில் நின்றது.

எண்ணுக்குக் கீழ்வரம்பு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். 1,500 என்று சொல்லாமல் 1,400 முதல் 1,600 வரை என்று சொல்லியிருந்தால் மிச்சம் பிடிக்கும் ஆசைக்கே இடம் இருந்திருக்காது. எப்போது எண்ணுவதை நிறுத்துவோம் என்பதையும் தொடங்கும் அன்றே எழுதிக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

முன்பு எப்போதாவது சாப்பிட்டதை வாந்தியெடுத்துச் சரிக்கட்டியது உண்டா, சாப்பாட்டைப் பற்றிய யோசனை நாளில் எவ்வளவு நேரத்தைப் பிடிக்கிறது, பிறரோடு சாப்பிடுவதைத் தவிர்த்தது உண்டா என்று அவரிடம் நான் 23-ஆம் வாரம்தான் கேட்டேன். இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் எடை, உயரத்துக்கு முன்னால் அந்த மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். அவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்ததால் இதுவரை இரண்டு பேருக்குக் கலோரிக் கணக்கே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.